குதிரை லாயத்தை வீடாக்கலாமா? செங்கோட்டை நண்பருக்கு

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். செங்கோட்டைக்கு மேற்கே, ஊர் முடிகிற இடத்தில், பாட்டனார் வழியில் உங்கள் பங்குக்கு ஒரு பழைய குதிரை லாயம் வந்திருக்கிறது. 36 அடி நீளம், 14 அடி அகலம், இரண்டடிக் கருங்கல் சுவர், மேலே ஓட்டுக் கூரை. ஒரு எஞ்சினியர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்கிறார். இன்னொருவர் ஓட்டை இறக்கி கான்கிரீட் போட்டு, சுவருக்கு சிமெண்ட் பூசினால் போதும் என்கிறார். இந்த இரண்டில் எது சரி, எவ்வளவு ஆகும், பழைய முகம் கெடாமல் குளியலறை, ஏசி எல்லாம் வைத்துக் குடியிருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கூரை ஒழுகவில்லை, ஆனால் மழையே இல்லாத மாசி மாதத்திலும் இடுப்பு உயரத்துக்குச் சுவர் கறுத்துக் கிடக்கிறது என்று. உங்கள் உண்மையான கேள்வி அதுதான். அதற்கு விடை தெரியாமல் இரண்டு எஞ்சினியர்களும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

நான் சிவில் படித்தவன். நாகர்கோவில் தொடங்கிப் புளியரை வரை பழைய கல் வீடுகளையும் சுண்ணாம்புக் கட்டடங்களையும் பழுதுபார்ப்பதே பல வருஷமாக என் பிழைப்பு. உங்கள் கட்டடத்தை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் அனுப்பிய படங்கள்தான் கையில் இருக்கின்றன. அதனால் உப்பு, சுண்ணாம்பு, தரை பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். சுவரின் பலம், கூரையைத் தாங்கும் கைமரங்களின் நிலை பற்றிச் சொல்வது படத்தைப் பார்த்துச் செய்த ஊகம். ஒருவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

வயதைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. வாசல் மேல்கல்லில் 1068 என்று வெட்டியிருப்பது கொல்லம் ஆண்டு. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை, திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த திரு-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால் அந்தக் கணக்குத்தான் அங்கே புழங்கியது. 1068 என்றால் 1892 ஆவணி முதல் 1893 ஆடி வரை. செங்கோட்டை–புனலூர் ரயில் 1904-இல்தான் வந்தது. அதற்குமுன் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்ட வண்டியும் விலங்கும்தான் கதி என்பதால், அந்தக் காலத்தில் வசதியான வீட்டில் லாயம் இருந்தது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் கல்லைப் பெயர்த்து வேறு கட்டடத்தில் வைக்கிற வழக்கமும் நம்மிடம் உண்டு. ஆகவே வருஷம் அநேகமாகச் சரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் அடியில் 1865 என்று இருப்பதைப் பார்த்து அதற்கும் பழையது என்று எண்ண வேண்டாம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்தவர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது, பிற்பாடு வார்த்த ஓடுகளிலும் அதே எண் இருக்கும். அஞ்சல் குதிரை கட்டிய இடம் என்று உங்கள் வீட்டில் சொல்லிவருவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. திருவிதாங்கூர் அஞ்சல் என்றாலே சலங்கை கட்டிய தடியோடு கால்நடையாக ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். எப்படி இருந்தாலும் பழுதுபார்க்கும் முறை அதனால் மாறப்போவதில்லை.

இனி ஈரம். ஒரு குதிரை நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் வரை மூத்திரம் பெய்யும். உங்கள் லாயத்தில் நாலு குதிரை கட்ட இடம் இருக்கிறது. நாற்பது ஐம்பது வருஷம் அது ஓடியிருந்தால் தரைக் கல்லின் இடுக்கு வழியாக எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூத்திரத்தில் உள்ள யூரியா அம்மோனியாவாகும், மண்ணில் உள்ள பாக்டீரியா அதை நைட்ரேட் உப்பாக மாற்றும். அந்த உப்பு நீரோடு சேர்ந்து சுவருக்குள் ஏறும். நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் தங்கும். துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பை அந்தக் காலத்தில் லாயத்து மண்ணையும் சுவரையும் சுரண்டி எடுத்தார்கள் என்பது இதனால்தான்.

சுண்ணாம்புச் சாந்தோடு நைட்ரேட் சேரும்போது கால்சியம் நைட்ரேட் உண்டாகிறது. காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதத்தைத் தாண்டினாலே போதும், காற்றிலிருக்கும் நீரை இழுத்துக்கொண்டு அது கரைந்துவிடும். சாப்பாட்டு உப்புக்கு இந்த எல்லை 75 சதவீதம். மேற்கே கணவாய் திறந்து கிடக்கிற உங்கள் ஊரில் ஈரப்பதம் 50-க்குக் கீழே இறங்குவது கோடைப் பகலில் சில மணி நேரம்தான், சாரல் விழும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அதுவும் கிடையாது. ஆகவே கூரை ஒழுகாமல், குழாய் உடையாமல், அடியிலிருந்து நீர் ஏறாமல்கூட அந்தச் சுவர் நனைந்தே இருக்கும். வெள்ளையாகப் பூத்து உதிரும் உப்பு வேறு வகை, அது காய்ந்த சுவரின் அடையாளம். உங்கள் படத்தில் வாசலுக்கு வலப்பக்கம் வெள்ளையும் அதற்கு மேலே கறுப்புப் பட்டையும் சேர்ந்து தெரிகின்றன, எனவே இரண்டு வகையும் இருக்கிறது.

இது ஊகமா உண்மையா என்பதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். கறுத்த இடத்தில் மேற்பூச்சை ஒரு பிடி சுரண்டி எடுங்கள். அதே இடத்தில் நாலைந்து அங்குலம் உள்ளே துளைத்து அங்குள்ள சாந்தை இன்னொரு பிடி எடுங்கள். எடுத்த உடனே இரண்டையும் நகை எடை போடும் சின்னத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டில் பரப்பி, எடை மேலும் குறையாத வரைக்கும் நல்ல வெயிலில் காயவைத்து மறுபடி நிறுங்கள். உள்ளே எடுத்தது அதிகம் எடை இழந்திருந்தால் அடியிலிருந்தோ வெளியிலிருந்தோ உண்மையாகவே நீர் வருகிறது. மேலே எடுத்தது அதிகம் இழந்து, உள்ளே எடுத்தது கிட்டத்தட்ட உலர்ந்திருந்தால் காற்றிலிருந்து இழுக்கிற உப்புத்தான் காரணம். காய்ந்த இரண்டையும் திறந்த தட்டில் லாயத்துக்குள் இரவு முழுக்க வைத்துக் காலையில் நிறுத்தால் இன்னும் தெளிவாகும், உப்புள்ளது எடை ஏறியிருக்கும். மீன் தொட்டி விற்கும் கடையில் நைட்ரேட் பார்க்கும் காகிதப் பட்டை கிடைக்கும், காய்ச்சி வடித்த நீரில் சாந்துப் பொடியைக் கலக்கி, அந்தப் பட்டையை அதில் நனைத்தும் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கும், எது எவ்வளவு என்பதில்தான் வேலையின் வரிசை இருக்கிறது.

இந்தச் சுவருக்கு சிமெண்ட் பூசினால் முதல் வருஷம் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது சாரலுக்குப் பிறகு பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு பலகை பலகையாக விழும். கீழே வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும், இடுப்பளவு நின்ற கறை தலைக்கு மேல் போகும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எமல்ஷன் பெயிண்ட், சுவர்ப் பட்டி, ஈரம் தடுக்கும் என்று விளம்பரம் செய்யும் பூச்சுகள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அந்தக் கட்டடத்துக்குள் சிமெண்ட் மூட்டையே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சுவரைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. பொரிந்த பழைய பூச்சை, கறை தெரிகிற உயரத்துக்கு மேல் இரண்டடி சேர்த்து, கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். உதிர்ந்ததை அன்றன்றே சாக்கில் அள்ளி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். சுவரோரம் குவித்து வைத்தால் ஒரு மழைக்கு உப்பு திரும்ப உள்ளே போய்விடும். கல்லைத் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். கல் இணைப்புகளில் உளுத்துப்போன சாந்தை ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் சுரண்டுங்கள். பிறகு பற்றுப் போட வேண்டும். அச்சடிக்காத காகிதக் கூழும் களிமண்ணும் மணலும் குழைத்து, சுவரை லேசாக நனைத்து, ஓர் அங்குல கனத்துக்கு அப்பி விடுவது. அது காய்கிற போக்கில் சுவரிலுள்ள உப்பு நீரோடு வெளியே வந்து பற்றில் தங்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து உரித்து எறிந்துவிட்டு மறுபடி போடுங்கள். மூன்று முறை போட்டால் நல்ல மாற்றம் தெரியும். முழு உப்பும் போய்விடாது, இரண்டடிக் கனத்தில் ஆழமாக இறங்கியதை எவராலும் எடுக்க முடியாது. மிச்சத்தை வாங்கிக்கொள்ளத்தான் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பும் மணலும், கொஞ்சம் செங்கல் தூளும் கலந்து இரண்டு பூச்சாகப் பூசி, மேலே சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். கீழ் மூன்றடி மட்டும் ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை உதிரும், அதைக் கொத்தி மறுபடி பூச வேண்டியிருக்கும். உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வதுதான் அதன் வேலை. இதை இப்போதே ஏற்றுக்கொள்ள முடியாவிட்டால் இந்த வீட்டில் நீங்கள் நிம்மதியாக இருக்க மாட்டீர்கள்.

தரை இன்னும் முக்கியம். சுவரில் உள்ள உப்பெல்லாம் தரைக்கு அடியிலிருந்து வந்தது, ஊற்று அங்கேதான். உங்கள் லாயத்தின் கல்தரை பின்பக்கச் சாக்கடைக் காலை நோக்கிச் சரிந்திருப்பது படத்தில் தெரிகிறது. அந்தப் பலகைக் கல் நல்ல கல், ஒன்றையும் தூர எறியாதீர்கள். எண் எழுதிப் பெயர்த்து வெளியே அடுக்குங்கள். அடியில் கறுப்பாகப் பிசுபிசுத்த மண் இருக்கும், மழைக்கால மாலையில் மூக்கைத் துளைக்கும் நெடி அதிலிருந்துதான் வருகிறது. ஒன்றரை அடி ஆழம் வரை அதை வெட்டி அகற்ற வேண்டும். ஆனால் சுவரை ஒட்டி வெட்டவே கூடாது. இந்த மாதிரிச் சுவருக்கு அஸ்திவாரம் இரண்டு மூன்றடிக்கு மேல் இருப்பது அரிது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஆரம்பித்து, மண்ணைச் சரிவாக விட்டு நடுவில் ஆழமாக்குங்கள். பரண் போடத் தலை இடிக்காத உயரம் வேண்டும் என்று தரையைத் தாழ்த்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுங்கள். வெட்டிய குழியில் தூசி இல்லாத 40 மில்லிமீட்டர் சல்லியை ஓரடி நிரப்பினால் அதன் இடைவெளி வழியாக நீர் மேலே ஏறாது. அதன்மேல் சுண்ணாம்புக் கான்கிரீட், அதன்மேல் பழைய பலகைக் கல், இடுக்குக்கு சுண்ணாம்புச் சாந்து. பிளாஸ்டிக் தாள் விரித்து பளபளா டைல்ஸ் ஒட்டினால் தரை உலர்ந்திருக்கும், ஆனால் அங்கே வெளியேற முடியாத ஈரம் முழுக்கச் சுவருக்குப் போகும்.

அந்த மண்ணை வெட்டுகிற ஆட்களுக்கு முதலிலேயே டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் போட வையுங்கள். அந்தக் கிருமி குதிரையின் குடலில் இயல்பாக வாழ்வது, சாணத்தோடு மண்ணில் இறங்கி விதையாகப் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெறுங்காலோடு மண்வெட்டி பிடிக்க விடாதீர்கள். தூசிக்கு முகமூடி, கைக்கு உறை. நம் வேலைத்தளங்களில் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வெளிப்பக்கமும் பாருங்கள். மேற்குச் சுவரோரம் வெளி மண் உள்தரையைவிட ஒரு சாண் உயரமாகத் தெரிகிறது. நூறு வருஷக் குப்பையும் மண்ணும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அதை உள்தரைக்குக் கீழே ஒரு சாண் வரை வெட்டி எடுத்து, இறவாரச் சொட்டு விழும் இடத்தில் கல் பரப்பிய சின்ன வாய்க்கால் அமைத்து, சரிவாக வெளியேற்றுங்கள். செலவு குறைவான வேலை இதுதான், சில கட்டடங்களில் இது ஒன்றே பாதி ஈரத்தைத் தீர்த்துவிடும். முதலில் இதைச் செய்துவிட்டு ஒரு மாதம் கவனியுங்கள்.

கான்கிரீட் கூரை விஷயத்தில் அந்த எஞ்சினியரோடு நான் முரண்படுவது எடைக்காக இல்லை. ஐந்து அங்குலத் தளம் உங்கள் அளவுக்கு ஏறக்குறைய பதினைந்து டன் வரும், ஓட்டின் எடை மூன்று டன் சொச்சம்தான். இருந்தாலும் இரண்டடிச் சுவர் நேர்க்குத்தாக அந்த பதினைந்து டன்னைச் சிரமமில்லாமல் தாங்கும். சிக்கல் வெயிலில் இருக்கிறது. 36 அடி, அதாவது 11 மீட்டர் நீளத் தளம் வெப்பம் 30 டிகிரி ஏறினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், இரவில் சுருங்கும். சுண்ணாம்பிலும் மண்ணிலும் கட்டிய கல் சுவரின் தலைப்பகுதியை அது தினமும் தள்ளி இழுக்கும். சில வருஷத்தில் மூலைகளில் சாய்வான வெடிப்பு விழும். அதோடு இறவாரத்துக்கு அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். குதிரை மூச்சும் அம்மோனியாவும் வெளியேறத்தான் அந்தத் துளைகளை வைத்தார்கள், இப்போது சுவர் உலர்வதற்கு அதே துளைகள்தான் வேண்டும். வலை அடித்து வவ்வாலைத் தடுங்கள், துளையை அடைக்காதீர்கள்.

ஆகவே ஓடு இருக்கட்டும். ஓட்டை இறக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலித்தால் வையுங்கள், மந்தமாக ஒலித்தால் விரிசல். கைமரம் அயனி மரம் போலத் தெரிகிறது, ஒன்றிரண்டு பனை. நடு மரம் எப்போதும் நன்றாகவே இருக்கும், சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் போகும். அங்கே திருப்புளியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனையை வெட்டி நல்ல மரம் ஒட்டுப் போட வேண்டும், முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. இந்த ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரிகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள், வயதானவர்களைத் தேடிப் பிடியுங்கள். செல், அதாவது கறையான், ஏறிய மண்கோடு தெரிகிறதா என்று சுவரின் தலைப்பையும் பாருங்கள். குதிரைகளைப் பிரித்த மரத் தூண்களில் மேற்பக்கம் கடித்துக் கடித்து வழவழவென்று தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்தை இழைத்துவிடாதீர்கள், அடி உளுத்திருந்தால் வெட்டிவிட்டு ஓரடிக் கல் மேல் நிறுத்துங்கள்.

இடித்துவிடுங்கள் என்றவர் சொன்னது சரியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. மேற்குச் சுவர் நடுவில் புடைத்திருப்பது போல ஒரு படத்தில் தெரிகிறது. கல் சுவரை இரண்டு முகமாகக் கட்டி நடுவில் சில்லும் மண்ணும் நிரப்புவார்கள். இரு முகத்தையும் கோத்துப் பிடிக்கிற நீளக்கல் அங்கங்கே இல்லாவிட்டால் காலப்போக்கில் முகங்கள் பிரியும். சுத்தியால் தட்டும்போது பொள்ளலாக ஒலித்தால் பிரிந்திருக்கிறது என்று பொருள். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பத்தடி உயரத்தில் இரண்டங்குலச் சாய்வு இரண்டடிச் சுவருக்கு ஒன்றும் செய்யாது, நூறு வருஷம் முன்பே அப்படித்தான் இருந்திருக்கும். இன்னமும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. வெடிப்பின் குறுக்கே சுண்ணாம்புச் சாந்து கொஞ்சம் அப்பி, அதில் தேதி கீறி வையுங்கள். ஒரு சாரலும் ஒரு ஐப்பசி மழையும் தாண்டி அது விரியாமல் இருந்தால் கவலை இல்லை. பொள்ளலும் புடைப்பும் சேர்ந்து, சாந்தும் விரிந்தால், அந்த ஒரு சுவரை மட்டும் பகுதி பகுதியாகப் பிரித்து அதே கல்லால் கட்ட வேண்டும். நான்கு சுவரும் அப்படியிருந்தால் இடிக்கச் சொன்னவர் பக்கம் நானும் சேர்ந்துகொள்வேன். படத்தைப் பார்த்து இதற்கு மேல் சொல்வது நேர்மையில்லை.

உள் அமைப்புக்கு என் யோசனை ஒன்றுதான்: 36-க்கு 14 என்கிற அந்த ஒரே அறையை அறுக்காதீர்கள். குளியலறை, சமையல்கட்டு, வேண்டுமானால் ஒரு படுக்கையறை, இவற்றைப் பின்னால் நாலடி தள்ளிப் புதுக் கட்டடமாகக் கட்டி, கண்ணாடி அடைத்த சின்ன நடையால் இணையுங்கள். அங்கே உங்கள் இஷ்டப்படி சிமெண்ட், கான்கிரீட், டைல்ஸ் எல்லாம் போடலாம். உப்புச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயைப் புதைப்பது வேண்டாத வேலை. லாயம் உங்கள் கூடமும் படிப்பறையும் விருந்தினர் திண்ணையுமாக இருக்கட்டும். பரண் ஆசை இருந்தால் ஒரு முனையில் மட்டும், சுவரில் செருகாமல், தனி இரும்புக் கால்கள் மேல் நிற்கட்டும். அந்தக் கால்களுக்கான குழியும் சுவரை விட்டுத் தள்ளியே. வெளிச்சத்துக்காக சுவரை உடைக்க வேண்டாம், எட்டடி வாசல் இருக்கிறதே, அதில் கண்ணாடிக் கதவு போட்டு பழைய மரக் கதவை வெளியே திறந்து வையுங்கள். கிழக்குச் சரிவில் ஆறேழு கண்ணாடி ஓடு வைத்தால் போதும். மேற்கில் வைத்தால் பிற்பகலில் உட்கார முடியாது.

ஏசியைப் பற்றி நீங்கள் எதிர்பார்க்காத பதில்தான் என்னிடம் இருக்கிறது. லாயத்துக்குள் வேண்டாம். செலவுக்காகவோ அழகுக்காகவோ சொல்லவில்லை. ஏசி ஓடும்போது அறையின் ஈரப்பதம் இறங்கி, கரைந்திருந்த உப்பு சுவரின் மேற்பரப்பில் படிகமாகும். நிறுத்தினால் மறுபடி கரையும். மழைக்காலத்திலும் கோடையிலும் பருவத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய காரியம் தினமும் ஒரு தடவை நடக்கும், பூச்சு மாவாக உதிரும். பின்கட்டுப் படுக்கையறையில் வைத்துக்கொள்ளுங்கள். லாயத்துக்கு இரண்டடிச் சுவரும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் மின்விசிறியுமே போதும். சித்திரை நடுப்பகலில் கொஞ்சம் வேர்க்கும்தான்.

காலக்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து தையில் தொடங்குங்கள். வெளி மண் வெட்டுவது, பூச்சுக் கொத்துவது, தரை பெயர்ப்பது மூன்றையும் மாசிக்குள் முடித்து, தரையைத் திறந்தே போட்டுவிடுங்கள். மாசி, பங்குனி முழுக்கச் சுவரும் மண்ணும் மூச்சுவிட்டுக் காயட்டும், பற்றும் அப்போதுதான். கூரை வேலை சித்திரையில். வெளிப்பூச்சை ஆனிச் சாரலுக்கு முன்னால் முடிக்க வேண்டும். வெயிலில் பூசும்போது ஈரச் சாக்கு தொங்கவிடாவிட்டால் சுண்ணாம்பு இறுகுவதற்கு முன் உலர்ந்து வெடிக்கும். உள்பூச்சைத் தள்ளிப் போடுங்கள். ஒரு சாரல் முழுக்க வெறும் சுவராக விட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த தையில் பூசுங்கள். சுவர் கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று உலர்வதற்கு ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். அதன்படி உங்கள் சுவருக்கு இரண்டு வருஷம். இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் சரியாக வருவதில்லை, உங்கள் ஊர்க் காற்றுக்கு முன்பின் ஆகும். ஆனால் மூன்று மாதத்தில் கிரகப்பிரவேசம் என்று தேதி குறித்துவிட்டு யாரும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சட்டப் பக்கம் என் துறை இல்லை என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாக்கப்பட்ட மத்திய தொல்லியல் சின்னம் ஏதாவது அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, பழுதுபார்க்க அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை எதற்கும் அனுமதி வேண்டும். மலையடிவாரக் கிராமங்களில் சில மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வரும், உங்கள் சர்வே எண் அதில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொழுவமாகக் கணக்கில் இருக்கும் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்ற உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும், பின்கட்டுக்கும் சேர்த்து ஒரே வரைபடமாகப் போடுங்கள். மூலப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து எல்லைகளைச் சரிபார்த்துவிட்டு, பங்குப் பிரிவினை பதிவாகி பட்டா உங்கள் பெயருக்கு வந்தபின் முதல் கல்லைப் பெயர்த்தால் போதும்.

மின் வேலைக்கு சுவரை வெட்டிக் குழாய் பதிக்க விடாதீர்கள். மேலோட்டமாகக் குழாய் ஓடட்டும், பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு மேலேயே இருக்கட்டும். ஈர உப்புச் சுவர் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிவில் அறுந்துவிடுகிற பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம். செலவைச் சதுர அடி விலையாகக் கேட்டிருக்கிறீர்கள், லாயத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். புதுக் கட்டடத்தில் பொருளுக்குப் போகிற பணம் இதில் கூலிக்குப் போகும். கல்லும் ஓடும் மரமும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன, கொத்தவும் காத்திருக்கவும் பூசவும்தான் ஆள் வேண்டும். மொத்தக் காண்ட்ராக்ட் விட்டால் ஆள் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார், பற்று காய்வதற்குள் உரிப்பார். பின்கட்டை காண்ட்ராக்டில் விடுங்கள். லாயத்துக்கு சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனார், ஒரு ஆசாரி, இரண்டு கையாட்கள் என்று நாள்கூலிக்கு அமர்த்தி, வாரா வாரம் சனிக்கிழமை கணக்கு முடியுங்கள்.